ராத்திரிக்கு எதுக்குடா டேலைட்டு?

பேராண்டி, பிரிக்பீல்ட்ஸ்ல கொண்டோ வாங்கிப் பால் காய்ச்சிட்டே, ரொம்ப சந்தோஷம். கிள்ளான்ல ரயிலேறி, கேஎல் சென்ட்ரல்ல இறங்கி, லிஃப்டுல மேல வந்து உன் ஹாலுக்குள்ள கால் வச்சோம் பாரு, அப்பத்தான் உன் பாட்டி முகத்துல இத்தனை சுருக்கம் இருக்குன்னு எனக்கே தெரிஞ்சது. அவளும் என்னைய மேலயும் கீழயும் பார்த்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

கூரையில வரிசையா லைட்டு, சுவத்தோரமா ஒளிஞ்சிக்கிட்டு ஒரு பட்டை, அலமாரிக்கு அடியில ஒண்ணு, செருப்பு வைக்கிற பெட்டிக்குள்ளகூட ஒண்ணு. செருப்புக்கு எதுக்குடா லைட்டு? ராத்திரியில அது பரீட்சைக்குப் படிக்குதா?

நீ ஆபீசுக்குப் போனப்புறம் பல்பு வந்த பெட்டிய எடுத்துப் பார்த்தேன். டேலைட், 6500 கெல்வின்னு போட்டிருக்கு. கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. அந்த எண்ணு ஏற ஏற வெளிச்சத்துல நீலம் பாயும், இறங்க இறங்க மஞ்சளாகும். பழைய குண்டு பல்பு 2700. ரோட்டுல ஆரஞ்சு கலர்ல எரிஞ்ச சோடியம் லைட்டு 2000 பக்கம். 6500ன்னா பட்டப்பகல். ஊருக்கெல்லாம் ராத்திரி 11 மணி ஆகுறப்ப உன் வீட்டுல மட்டும் மத்தியானம்! நம்ம கண்ணுக்குள்ள, பார்க்கிறதுக்கு இல்லாம, பொழுது விடிஞ்சிருச்சா சாஞ்சிருச்சான்னு கணக்கு வைக்கிறதுக்குன்னே சில செல்லுங்க இருக்கு. நீலத்தக் கண்டா அதுங்க விடிஞ்சிருச்சுன்னு மூளைக்குத் தந்தி அடிச்சிடும். ராத்திரி வந்தாச்சுன்னு உடம்புக்குச் சொல்ற மெலட்டோனின் அதோட கடைய மூடிடும். நீ தூக்கம் வரலைன்னு மருந்துக்கடைக்கு ஓடுறே. முதல்ல பகலை விலைக்கு வாங்குறே, அப்புறம் ராத்திரியையும் விலைக்கு வாங்குறே. ரெண்டு கடைக்காரனும் நல்லா இருக்கட்டும்.

தாத்தாவுக்கு எல்.இ.டி.ன்னாலே ஆகாதுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியாமே. சுத்தப் பொய். 60 வாட் குண்டு பல்பு குடுத்த வெளிச்சத்த இது 8, 9 வாட்டுல குடுக்குது. கரண்டு பில்லப் பார்த்தா எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோணுது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடிச்சதுக்காக ஜப்பான்ல பொறந்த மூணு பேருக்கு 2014ல நோபல் பரிசே குடுத்தாங்க. அந்த நீலச் சில்லு மேல மஞ்சளாப் பூசித்தான் வெள்ளை வெளிச்சம் வருது. பொருள் நல்ல பொருள்தான்.

அதுவுமில்லாம, இந்த நாட்டுக்குக் கரண்டு வந்த கதையிலயே நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. 1894ல ரவாங்குல ஈயச் சுரங்க வேலைக்கு ஜெனரேட்டர் வச்சது ரெண்டு பேர். ஒருத்தர் சீனத் தவுக்கே லோக் இயூ, இன்னொருத்தர் தம்புசாமிப் பிள்ளை. நீ தைப்பூசத்துக்குப் படியேறுற பத்துமலைக் கோயில உண்டாக்கின அதே பிள்ளைதான். தீபகற்ப மலாயாவுல கரண்டு ஓடினதுக்குப் பதிவுல இருக்கிற முதல் சங்கதி அதுதான். ஆனா அவரு அத வேலைக்கு வாங்கினாரு, செருப்புப் பெட்டிக்கு இல்ல.

நாங்க இருந்த தோட்டத்துல லயத்து வீட்டுக்கு ஜெனரேட்டர் கரண்டு. ராத்திரி பத்தடிச்சா நிறுத்திடுவாங்க. விடியக்காலையில குளுமையா இருக்கிறப்பத்தான் ரப்பர் மரத்துல பால் நல்லா ஓடும், அதனால இருட்டோட கிளம்பணும். நெத்தியில ஒரு விளக்கக் கட்டிக்கிட்டுப் போவோம். அதோட வெளிச்சம் ஒரு சாண் அகலம். முந்தி வெட்டின கோடு தெரியணும், கத்தி முனை தெரியணும், அதுக்கு மேல ஒரு விரக்கடை வேண்டியதில்ல. கத்தி ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், அப்புறம் கங்காணி வாயாலயே நம்மளப் புண்ணாக்கிடுவாரு. அந்த ஒரு சாண் வெளிச்சத்துலதான் உன் அப்பன் படிப்புக்குப் பணம் சேர்ந்தது. நீ இத்தனை லைட்டையும் போட்டுக்கிட்டு என்னத்தப் பார்க்கிறே? கைப்பேசியப் பார்க்கிறே. அதுக்குள்ளயே ஒரு லைட்டு இருக்கேடா!

சீனி மலிஞ்சதும் தே தாரேல ரெண்டு கரண்டி கூட விழுந்துச்சு பாரு, இந்த ஊர் வெளிச்சத்துக்கும் அந்தக் கதிதான். வாட்டு மிச்சமாச்சுன்னு சந்தோஷப்பட்டு, மிச்சமானதுல இன்னும் நாலு பல்பு.

ரோட்டுக்கு வா. கிள்ளான் பக்கமும் ஆரஞ்சு லைட்டைக் கழட்டிட்டு வெள்ளைய மாட்டிக்கிட்டு வர்றாங்க. ஒரு வகையில நல்லதுதான். ஆரஞ்சு வெளிச்சத்துல சிவப்புக் காருக்கும் நீலக் காருக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. இப்ப சங்கிலிய அத்துக்கிட்டு ஓடுறவன் என்ன கலர் சட்டைன்னு போலீஸ்ல தெளிவா எழுதிக் குடுக்கலாம். அவனுக்கும் சங்கிலி தங்கமா கவரிங்கான்னு தெளிவாத் தெரியும், வீண் அலைச்சல் இல்ல. ஆனா கண்ணுக்கு நேரா குத்துற வெளிச்சம் இருக்கே, அது கிழவனுங்களுக்கு ஆகாது. வயசான கண்ணுல வெளிச்சம் சிதறும், எதிர்ல வர்ற மோட்டார் சைக்கிள்காரன் ஒரு வெள்ளை மூட்டமாத்தான் தெரிவான். கம்பத்தைத் தாண்டி நிழலுக்குள்ள போனா அங்க குழி இருக்கா குட்டி இருக்கான்னு தெரியாது. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழகவே 20, 30 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அடுத்த கம்பம் வந்துடும். ரோட்டு லைட்டு 3000 கெல்வினுக்கு மேல போகாம இருக்கட்டும், பளிச்சுன்னு கண்ணைக் குத்தாம மூடி வைங்கன்னு அமெரிக்க டாக்டருங்க சங்கம் 2016லயே சொல்லியிருக்கு. டாக்டர் பேச்ச யார் கேட்டா? என் சீனி வியாதிக்கே நான் கேக்கல.

உன் தெரு சங்கதிக்கு வர்றேன். 2010ல மன்மோகன் சிங்கைக் கூட்டிட்டு வந்து லிட்டில் இந்தியான்னு திறந்து வச்ச இடம். புடவைக் கடையில ஓடுற எழுத்து, நகைக் கடையில மின்னுற எழுத்து, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில பச்சையா ஒரு வாழையிலை அணைஞ்சு அணைஞ்சு எரியுது. பார்வையற்றவங்க சங்கம் இருக்கிற ஊரு இது. அவங்க கைராசிக்கு மசாஜ் கடையத் தேடி ஜனம் வருது. உள்ள வேலை செய்றவருக்கு ஒரு பல்பும் வேண்டாம், வெளிய போர்டுல மட்டும் நீல லைட்டு கண்ணைப் பறிக்குது. பார்வை இருக்கிறவன் படுற பாட்டை நினைச்சா அவரு சிரிப்பாரு.

அதே தெருவுல கிளி ஜோசியர் இருக்காரு. உன் நட்சத்திரம் கார்த்திகைன்னு சொல்லிப் பத்து வெள்ளி வாங்குவாரு. மாடிக்குப் போய் அண்ணாந்து பாரு, கார்த்திகையக் காட்டு பார்ப்போம். உலகம் பூரா ஆளுங்க வானத்தப் பார்த்து எழுதி அனுப்பின கணக்கு ஒண்ணு 2023ல வந்துச்சு. 2011லேருந்து 2022 வரைக்கும் ராத்திரி வானம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் வெளுத்துக்கிட்டே வந்திருக்கு. அதே வேகத்துல போனா, 250 நட்சத்திரம் தெரியிற ஊர்ல பொறக்கிற பிள்ளைக்கு 18 வயசு ஆகுறப்ப சுமார் 100தான் தெரியுமாம். இதுல ஒரு வேடிக்கை, வெளிச்சத்த அளக்கிற செயற்கைக்கோளுக்கு இந்த நீலம் சரியாக் கண்ணுல படுறதில்ல. நீலம்தான் காத்துல அதிகமாச் சிதறி வானத்த வெளுக்குது, அதுவேதான் கணக்குல வராமத் தப்பிக்குது. மேல தெரியாட்டி என்ன, கிளி சீட்டெடுக்கிற வரைக்கும் உன் நட்சத்திரம் பத்திரம்.

போன மாசம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கோலசிலாங்கூர் போயிட்டு வந்தியே, கம்போங் குவாந்தான்ல மின்மினி பார்க்க. எனக்கு அதுதான் பிடிச்சது. வீட்டுல காசு குடுத்து இருட்டை விரட்டினவன், பெட்ரோல் போட்டு, டிக்கெட் எடுத்து, சம்பான்ல உக்காந்து, போன் லைட்டை அணைச்சிட்டு இருட்டப் பார்த்துட்டு வர்றான்! ஆத்தோரம் பெரெம்பாங் மரத்துல ஆண் பூச்சிங்க ஒண்ணா மினுக்குறது பொண்ணு பார்க்கிற சம்பிரதாயம். பக்கத்துல வெள்ளை லைட்டு எரிஞ்சா பொண்ணுக்கு மாப்பிள்ளை தெரியாது, கல்யாணம் நின்னுபோகும். உன் பிள்ளைங்க, தாத்தா, அதுக்குள்ள பேட்டரி எங்க இருக்குன்னு கேட்டாங்க. கடையில விக்கிற பிளாஸ்டிக் அகல் விளக்குக்கு இருக்கே, அந்த நினைப்பு.

உன் சாமி ரூமைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. முருகன் தலைக்குப் பின்னால சிவப்பு, பச்சை, ஊதான்னு ஒரு சக்கரம் விடாம சுத்துது. அவரும் பொறுமைசாலி, மயில்ல ஏறிக் கிளம்பாம நிக்கிறாரு.

சரி, வாங்குறப்ப இத மட்டும் செய். படுக்கை ரூமுக்கும் ஹாலுக்கும் வார்ம் ஒயிட், 2700 இல்ல 3000. சமையல் மேடைக்கு வேணும்னா 4000 போட்டுக்க, கத்தி விரல்ல படாம இருக்கணும். பெட்டியில சிரிம் முத்திரை இருக்கான்னு பாரு. கடையிலயே பல்ப எரியவிட்டு கைப்பேசி கேமராவ நேரா நீட்டு. திரையில கறுப்புக் கறுப்பா வரி ஓடினா, அது உன் கண்ணுக்குத் தெரியாமத் துடிக்கிற பல்பு, திருப்பிக் குடு. 15,000 மணி நேரம் எரியும்னு பெட்டியில போட்டிருக்கிறதப் பார்த்து மயங்காதே. சில்லு எரியும், அதுக்குக் கரண்டு குடுக்கிற டிரைவர் நம்ம ஊரு சூட்டுலயும் இடி மின்னல்லயும் முதல்ல போயிடும். பல்பு தனியாக் கழட்ட முடியாத லைட்டா வாங்கினா மொத்தத்தயும் குப்பையில போடணும், உன் கூரையில ஓட்டைதான் மிச்சம். மழை விட்ட ராத்திரி ஈசல் கிளம்பினா லைட்டை அணைச்சிட்டு உக்காரு, பாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசின மாதிரியும் இருக்கும்.

உன் படுக்கை ஜன்னலுக்கு நேரா ஒரு ரோட்டு லைட்டு எரியுதே, அந்தக் கம்பத்துல நம்பர் இருக்கும். படம் பிடிச்சு, கம்பம் யாருதுன்னு விசாரிச்சு எழுதிப் போடு. அணைக்கச் சொல்லாதே, தலையக் கொஞ்சம் குனிஞ்சு ரோட்டப் பார்க்கச் சொல்லு. தாத்தா சொன்னாருன்னு மட்டும் எழுதிடாதே. எங்க தாமான்ல ஏற்கெனவே எனக்கு வெளிச்சத்துக்கு எதிரின்னு பேரு, அடுத்த கூட்டத்துல தலைவர் பதவிக்கு வேற நிக்கலாம்னு இருக்கேன்.