டெல்பியில் ஒரு கிடா, சிவன்மலையில் ஒரு பெட்டி

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை. முருகன் கோவிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி: ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தர் கனவில் சாமி வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோவிலில் பூ கேட்பார்கள். உத்தரவானால் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அதற்குத்தான் பதவி.

மஞ்சள் வைத்தால் பேப்பரில் என்ன போடுவார்கள்? விலை ஏறலாம், இறங்கவும் செய்யலாம். இது எப்படிங்க தப்பும்? தண்ணீர் வைத்ததால்தான் சுனாமி வந்தது என்பார்கள். வைத்த அன்றைக்கே கடலைப் பற்றிப் பேசியவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிரேக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. டெல்பியில் அப்பல்லோ (ஆஸ்பத்திரி இல்லை, சாமி) பித்தியா என்ற பூசாரியம்மா வாயால் குறி சொன்னார். அதற்கு முன் ஒரு கிடாயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். சிலுப்பினால் சாமி சம்மதம். அட, நம்ம ஊர் கிடாவெட்டேதான்! ஒருமுறை வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வந்திருக்க, கிடா அசையவே இல்லை. விஐபி ஆச்சே, விடுவார்களா? அது நடுங்கும்வரை குளிப்பாட்டினார்கள். உள்ளே போன பித்தியா அலறிக்கொண்டு வெளியே ஓடிவர, குறி கேட்க வந்தவர்களும் பூசாரிகளும் சேர்ந்தே ஓட்டம். எழுதி வைத்தவர் அதே கோவில் பூசாரி புளூட்டார்க்.

பெரிய கஸ்டமர் லிடியா ராஜா குரோசஸ். தங்கக் கட்டிகள், தங்கச் சிங்கம் என்று அனுப்பினார். பதிலுக்கு அவருக்கு ஸ்பெஷல் தரிசனம், கட்டணம் கிடையாது, முன்வரிசை சீட். பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று கேட்டார். எடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று பதில். மனுஷன் குஷியாகக் கிளம்பி, கி.மு. 546 வாக்கில் தன் சாம்ராஜ்யத்தையே அழித்துக்கொண்டார். ஆளனுப்பிப் புகார் செய்ததற்கு வந்த விளக்கம்: எந்த சாம்ராஜ்யம் என்று நீங்கள் கேட்கவில்லையே!

முருகன் கெட்டிக்காரர். வாயே திறப்பதில்லை, பொருளைக் காட்டிவிட்டு வியாக்கியானத்தை டீக்கடைக்கு விட்டுவிடுகிறார்.

குரோசஸின் தங்கம்? கி.மு. 356-இல் போக்கிஸ் தளபதி பிலோமெலஸ் டெல்பி கோவிலைப் பிடித்தார். முக்காலியில் ஏறிக் குறி சொல் என்று பித்தியாவை மிரட்டினார். “உன் இஷ்டப்படி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்” என்று அந்தம்மா அலுத்துக்கொண்டார். “இதுதான் குறி!” என்று அதையே எழுதி ஊர் பார்க்க வைத்தார் தளபதி. பின்னால் வந்த போக்கிஸ்காரர்கள் சிங்கத்தைக் காசாக அடித்துக் கூலிப்படைக்குச் சம்பளம் போட்டார்கள்.