மெய் புள்ளி பெறுமா? எடைக்குறைப்பு இயலில் ஓர் ஒப்பாய்வு

உடல் மெலிய விழைவோர் இரு சமயத்தார்: கலோரியர், புள்ளியர். கலோரியர் உண்டதை எண்ணுவர். புள்ளியர் எண்ணியதை உண்பர். எண்ணாமலே உண்போர் என்று ஒரு பெருங்கூட்டம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஒல்லியாக இருப்பதாலும், கேள்வி கேட்டால் சிரிப்பதாலும் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை.

ஆய்வுக்களம் சென்னையில் ஒரு வீடு. காலம் ஒரு மே மாதம். முதன்மைச் சான்று வடை. என் மனைவி கலோரியர், கைப்பேசிச் செயலி மார்க்கம். நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய அக்கா புள்ளியர். தீட்சை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டாகிறது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டவன் ஆய்வாளன். அவனுடைய நடுநிலையில் ஐயம் வேண்டாம். மெலிவதில் அவனுக்கு எந்த ஆதாயமும் இல்லை.

ஆய்வு என்றால் முதலில் சொற்பொருள் ஆராய வேண்டும். சொல்லை ஆராய்ந்தே நூற்றைம்பது பக்கம் ஓட்டி, பொருள் பக்கம் எட்டிப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்களை நான் அறிவேன். ஆகவே சொல்.

கலோரி என்பதைப் பாரிஸில் நிக்கோலா கிளமான் 1820-களை ஒட்டித் தம் வகுப்புகளில் வழங்கினார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம் அது. அவர் நினைப்பில் இருந்தது நீராவி எந்திரம். சாம்பார் சாதம் அன்று. எந்திரத்துக்குத் தைத்த சட்டையை மனிதனுக்கு மாட்டியவர்களுள் தலையாயவர் அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டர். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை கட்டி, அதற்குள் ஆளை நாள்கணக்கில் அடைத்து, உள்ளே போகும் சோற்றையும் வெளியே வரும் வெப்பத்தையும் அளந்தார். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற வாய்ப்பாடு அவர் வழி வந்தது. இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இருப்பது அதுதான்.

அதை மெலிவோர் கையில் கொடுத்தவர் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918-இல் அவர் எழுதிய புத்தகம் அடுத்த பத்தாண்டில் விற்றுத் தள்ளியது. ரொட்டித் துண்டு என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் உபதேசம். படம் வரைந்தவன் அவருடைய உடன்பிறந்தாரின் சின்ன மகன். எடைக்குறைப்பு இலக்கியம் அதற்குப் பிறகு அந்தத் தெளிவை எட்டவில்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஊட்டச்சத்து அறிஞர் ஆய்க்ராய்ட் 1937-இல் வெளியிட்டது குன்னூரில் இருந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து. அந்த நிறுவனம் 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் சகாக்களும் 1971-இல் கொண்டுவந்த பதிப்பு இன்னமும் உணவியல் மாணவர்களின் வேதம். இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் பச்சைப் பொருளுக்கானவை. அரிசி அகப்படும், உளுந்து அகப்படும். இரண்டும் சேர்ந்து ஒரு ராத்திரி புளித்தபின் என்ன ஆயிற்று என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. நாம் கலோரி என்பது இயற்பியலார் கணக்கில் கிலோ கலோரி. 50 என்று நினைத்து வாயில் போட்ட இட்லி உண்மையில் 50,000. இதை இரவு உணவின்போது சொல்லிப் பார்த்தேன். சட்னி என் பக்கம் வருவது நின்றது.

புள்ளிச் சமயத்தின் தலபுராணம் இது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடிச் என்ற இல்லத்தரசி. கடையில் ஒரு பெண்மணி அவரைப் பார்த்து, குழந்தை எப்போது என்று விசாரித்தார். குழந்தை இல்லை, பிஸ்கட். 1961-இல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒளித்து வைத்துத் தின்ற கதையை ஒப்புக்கொண்டார். 1963-இல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமானது. ஆதியில் அங்கே புள்ளியே கிடையாது. வாரம் ஐந்து முறை மீன், ஒரு முறை ஈரல் என்ற கட்டளைகள்தாம். அமெரிக்காவில் புள்ளி புகுந்தது 1997-இல். சூத்திரம்: கலோரியை 50-ஆல் வகு, கொழுப்பு கிராமை 12-ஆல் வகுத்துக் கூட்டு, நார்ச்சத்தை, நாலு கிராமுக்கு மேற்படாமல், 5-ஆல் வகுத்துக் கழி.

ஒரு மெதுவடையில் 135 கலோரி, 8 கிராம் கொழுப்பு, 2 கிராம் நார் என்று வைத்துக்கொள்வோம். 2.7, அதோடு 0.67, அதிலிருந்து 0.4. ஆகமொத்தம் மூன்று புள்ளி. (காண்க: குளிர்சாதனப் பெட்டிக் கதவு, பிள்ளையார் காந்தத்தின் கீழ்.) கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று விளங்கும். இரு சமயத்துக்கும் தெய்வம் ஒன்றே. புள்ளி என்பது கலோரிக்கு அலங்காரம் செய்து திரை போட்ட மூர்த்தம். இதை நான் வெளிப்படையாகச் சொன்ன அன்று அக்காவும் தங்கையும் ஒருசேர என்னை மறுத்தார்கள். விடுமுறை முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

இனி ஆய்வின் உயிர்நிலை. புள்ளிக் கொள்கை குவீன்ஸில் தோன்றியதன்று, தொல்காப்பியத்தில் உள்ளது. மெய் புள்ளி பெற்று நிற்கும் என்கிறார் தொல்காப்பியர். மெய் என்றால் உடம்பு. இதற்கு மேல் சான்று கேட்பவர், மெய் என்பது அங்கே க், ங், ச் அல்லவா என்று இழுப்பவர், தமிழின் தொன்மையைப் பொறாதவர்.

மேலும் பார்க்க. க் என்று ஒடிசலாக நிற்கும் மெய்க்கு அரை மாத்திரை. புள்ளியைக் கைவிட்டால் அதுவே க என்று உப்பி ஒரு மாத்திரை ஆகிறது. அதாவது, புள்ளியை விட்டவர் இரண்டு மடங்கு எடைக்குத் திரும்புவர். எத்தனை பேருடைய ஜனவரி மாதத்தை இந்த ஒரு விதியில் அடக்கிவிட்டார்! மெய்யைத் தவிர எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்கிறார். எ என்பது எண்ணெய். ஒ என்பது ஒப்பிட்டு. கொங்கு நாட்டார் இதை எளிதில் ஏற்பர். ஒப்பிட்டைப் போளி என்று வழங்கும் பிற வட்டாரத்தார்க்கு வேறு உரை எழுத வேண்டும்.

குற்றியலுகரத்தையும் விட முடியாது. ஒரு மாத்திரை உகரம் அரை மாத்திரையாகக் குறைவது ஐம்பது விழுக்காடு எடையிழப்பு. எப்போது குறைகிறது? சொல்லின் கடைசியில் வல்லினத்தின் மேல் ஏறும்போது. கடினமானதன் மேல் ஏறினால் இளைக்கலாம் என்பதற்கு இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படி எழுதுவார்? எங்கள் தெரு உடற்பயிற்சிக் கூடத்தில் இதை வாசலில் எழுதி வைக்கச் சொன்னேன். பயிற்றுநர் ஆண்டுக் கட்டணம் கட்டச் சொன்னார். (நேர்காணல், வாசற்படி, நின்றவாறு, இரண்டு நிமிடம், ஒலிப்பதிவு இல்லை, சாட்சி, அங்கே படுத்திருந்த நாய்.)

எல்லாவற்றுக்கும் மணிமுடியானது, மெய்க்கு அரை மாத்திரை என்ற விதி. ஈராயிரம் ஆண்டு இதற்கு உரை கிடைக்காமல் கிடந்தது. மேற்படி புள்ளி நிறுவனம், பசியடக்கும் மருந்தை எழுதித்தரும் தொலைமருத்துவ நிறுவனம் ஒன்றை 2023-இல் விலைக்கு வாங்கியபோது கிடைத்துவிட்டது. மருந்துகள் பெரும்பாலும் ஊசி என்றும், மாத்திரை என்று பாடம் கொள்வது பொருந்தாது என்றும் தடை எழுப்பலாம். அது மேலாய்வுக்குரியது. (மேலாய்வுக்குரியது என்பது, எனக்குத் தெரியாது என்பதற்கு நம் ஆய்வுலகம் கொண்டிருக்கும் மங்கல வழக்கு.) 2025-இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதையும் தொல்காப்பியத்தில் தேடினேன். எழுத்ததிகாரம் வரை இல்லை.

கலோரியரின் குறைபாடு: கரண்டி. இது பற்றி இவ்வளவு போதும்.

புள்ளியரின் குறைபாடு விரிவானது, ஏனெனில் அது வாழைப்பழம். 2010-இல் செய்த திருத்தத்தில் பழங்களுக்குச் சுழியம் என்று தீர்ப்பாயிற்று. 2017-இல் முட்டை, தோல் நீக்கிய கோழி நெஞ்சு, மீன், பருப்பு வகைகள் என்று சுழியம் இருநூறுக்கு மேல் விரிந்தது. (வடையில் உளுந்து சுழியம், எண்ணெய்க்கு மட்டுமே புள்ளி என்று அக்கா அந்தத் திருத்தத்துக்கு எழுதிய உரை தனி நூலாகத் தக்கது.) ஆனால் ஒரு நுட்பம். பழத்தைக் கடித்துத் தின்றால் சுழியம். அதே பழத்தை மிக்ஸியில் அடித்துக் குடித்தால் புள்ளி உண்டு.

வாழைப்பழம் மாறவில்லை. வயிறு மாறவில்லை. இடையில் நின்ற கருவி மட்டுமே மாறியது. பல்லில் பட்டால் இன்மை, பிளேடில் பட்டால் உண்மை. சைவ சித்தாந்திகளுக்கும் அத்வைதிகளுக்கும் கூட இவ்வளவு இக்கட்டு நேர்ந்ததில்லை. புணர்ச்சி விதியில் இதைத் தோன்றல் விகாரம் என்பேன்: பழத்துக்கும் மிக்ஸிக்கும் நடுவில் புள்ளி புதிதாகத் தோன்றுகிறது.

பழநிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பாச்சி வாழைப்பழம் அதில் பிசைந்து கிடக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. புள்ளி பெறுமா? பிசைதல் மெல்லலா, அரைத்தலா? சர்க்கரையின் பேச்சை எடுக்காதீர்கள். அது வேறு இயல்.

கேள்வி ஏட்டோடு நிற்கவில்லை. என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது, மேலும் கீழும் பல் இல்லை. இரவு உணவுக்குப் பின் ஒரு பூவன் பழத்தைத் தட்டில் வைத்துப் பெருவிரலால் மசித்துத்தான் சாப்பிடுவார். பெருவிரல் பல்லா, மிக்ஸியா?

"அம்மா, அப்படி மசிச்சா புள்ளி வந்துரும்" என்றார் அக்கா.

"எத்தனை கிராம்னு நிறுத்தியாம்மா? நூறு கிராம்னா தொண்ணூறு கலோரி. மென்னா என்ன, மசிச்சா என்ன?" என்றார் தங்கை.

நான் பெருவிரலைப் பல்லின் ஆகுபெயராகக் கொள்ளலாம் என்றேன். பல் செய்யும் தொழிலைச் செய்வதால். அக்கா மறுத்தார். மிக்ஸிக்கும் அதே தொழில்தானே என்றார். வாதம் தொடர்ந்தது. தட்டு காலியாயிருந்தது.

"முடிஞ்சா சொல்லுங்க மாப்பிள்ளை, இன்னொண்ணு உரிக்கணும்" என்றார் மாமியார்.

இங்கே ஆய்வாளன் வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அக்காவின் கட்சியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வர்கள் 2012-இல் பாதாமை ஆட்களுக்குக் கொடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தார்கள். 28 கிராமுக்கு 170 கலோரி என்று அட்வாட்டர் கணக்கு சொல்ல, உடம்பில் சேர்ந்தது 129. பல் முழுதாக நொறுக்காத பாதாம், கொழுப்பைத் தன்னோடு சுமந்துகொண்டு வந்த வழியே போய்விடுகிறது. அதே பாதாமை வெண்ணெய் போல அரைத்தால் பட்டியல் சொன்னபடியே கலோரி கிடைத்ததாகப் பின்வந்த ஆய்வு சொல்கிறது. ஆக, மெல்லுபவர் யார், எப்படி மெல்லுகிறார் என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை. தவிர, அமெரிக்காவில் அச்சிட்ட எண்ணைவிடக் கலோரி இருபது விழுக்காடு வரை கூடிப்போனாலும் சட்டம் கண்டுகொள்ளாது. என் மனைவி தசமப்புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போடுகிறார்.

எந்தச் சமயம் வெல்லும்? பாஸ்டனில் 160 பேரை நான்கு முறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. வெயிட் வாட்சர்ஸ் அவற்றுள் ஒன்று. ஓராண்டு கழித்து நான்கிலும் சராசரியாக இரண்டிலிருந்து மூன்றரை கிலோவுக்குள்தான் குறைந்திருந்தது. எந்த முறை என்பதைவிட, யார் விடாமல் கடைப்பிடித்தார் என்பதே எடையைத் தீர்மானித்தது. இவ்வளவு தெளிவான முடிவை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுத முடியாது. ஆகவே அதை விட்டு மூலபாடச் சிக்கலுக்குப் போகிறேன்.

மே மாதம் நான்காம் ஞாயிறு மாமியார் பதினான்கு வடை சுட்டார். செயலியில் அந்த அளவு வடை இல்லாததால் என் மனைவி பால் கணக்கு நோட்டில் பென்சிலால் குறித்தார். (பால் கணக்கு நோட்டு, பின்னட்டை உட்புறம், தலைகீழாகப் பிடித்தால் மேலிருந்து ஆறாம் வரி, 'சனி பால் இல்லை' என்பதற்கும் மிச்சச் சில்லறைக் கணக்குக்கும் நடுவே, இரப்பர் தேய்த்துத் தாள் மெலிந்த இடம்.) ஏட்டுப் பாடம்: தான் 2, அக்கா 2, அம்மா 1, அவர் 3, மீதம் 6. கூட்டினால் பதினான்கு. ஆனால் இந்த 6 அடிக்கப்பட்டு, மேலே பேனாவால் 5 என்று வேறொரு கையால் எழுதப்பட்டிருக்கிறது. அப்போது பதின்மூன்றுதான் வருகிறது. அக்கா இடைச்செருகல் என்கிறார். மாமியார், தாம் சுட்டதே பதின்மூன்றாக இருக்கலாம் என்று பெருந்தன்மையாக ஒரு பாடபேதம் தருகிறார். ஐந்தாவது எண்ணை ஒட்டி ஓர் எண்ணெய்க் கறை உண்டு. அது இன்னும் காயவில்லை. எனவே ஏட்டின் காலம் அதே நாள் மாலை நாலரைக்குப் பிற்பட்டது. கறையில் ஒரு பெருவிரல் ரேகை தெரிகிறது. அது ஆணின் விரல் என்று என் மனைவி கருதுகிறார். அக்கருத்து மேலாய்வுக்குரியது.