விலை இருக்கிறது, மருந்துதான் இல்லை

மருந்துகளுக்கு உச்ச விலை விதித்து எங்களைக் காத்துவரும் டெல்லிப் பெரியவர்களுக்கு,

திருச்சியிலிருந்து ஒரு குடிமகன் எழுதிக்கொள்வது. தங்கள் நலனுக்கும், குறிப்பாகத் தங்கள் இதய வால்வுகளின் நலனுக்கும் தாயுமானவரை வேண்டுகிறேன்.

முதலில் நன்றி. பென்சதைன் பென்சிலின் ஊசிக்குத் தாங்கள் விதித்த உச்ச விலைக்கு மேல் இந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. கடையில் மருந்து இருந்தால்தானே வாங்குவார்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகளுக்கு வயது 14. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டைப் புண் வந்தது. பிறகு காய்ச்சல், முழங்கால் வீக்கம். ‘வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்’ என்று அக்கம்பக்கத்து மருத்துவ நிபுணர்கள் எல்லாரும் சொன்னோம். எக்கோ எடுத்தபோது மைட்ரல் வால்வு பழுதாகியிருந்தது. ருமாட்டிக் காய்ச்சலின் வேலை. இன்னொரு தொண்டைத் தொற்று அந்த வால்வை மேலும் கெடுத்துவிடாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின் ஊசி. வருஷக்கணக்கில் போட வேண்டும்; பழுது பெரிதென்றால் 40 வயது வரைக்கும்கூட.

அந்த ஊசியைத் தாங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வெள்ளைப் பொடி. தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டி மோர் மாதிரி ஆகிவிடும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். தடித்த ஊசியால் இடுப்பில் போட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார முடியாது. அதனால் ஊசி கிடைக்கவில்லை என்றதும் அந்தப் பெண் ‘அப்பாடா’ என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் பாவத்துக்கு நான்தான் தேடக் கிளம்பினேன். முகம் வெளுக்கும் கிரீம் இருந்தது. குதிரைபோல் ஓட வைக்கும் புரோட்டீன் பவுடர் மூன்று சுவைகளில் இருந்தது. ‘அது லைன்லயே வரல சார், ஏஜென்சியிலயே இல்ல’ என்றார் ஒரு கடைக்காரர். நான் நம்பாமல் நின்றதால் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மருந்தின் பெயர், வரி, அதிகபட்ச விலை எல்லாம் பைசா சுத்தமாக இருந்தன. கடைசிக் கட்டத்தில்: இருப்பு 0. தங்கள் ஆட்சி விலைக் கட்டத்தோடு முடிந்துவிடுகிறது, பெரியவர்களே. பக்கத்துக் கட்டம் யாருடைய எல்லை?

ஒரு நல்ல ஓட்டல் காபியின் விலைகூடப் பெறாத மருந்து. பெரிய லாபம் இல்லை. அதனால் தயாரிக்கப் பெரிய ஆர்வமும் இல்லை. ஒரு காலத்தில் நாமே தயாரித்தோம். 1954இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவ, புனே பக்கத்தில் பிம்ப்ரியில் அரசே பென்சிலின் ஆலை தொடங்கியது. பிறகு சீனாவிலிருந்து மூலப்பொருள் மலிவாக வந்தது. அந்த மூலப்பொருளான பென்சிலின்-ஜியின் தயாரிப்பு இங்கே நின்றுபோனது. நின்று சில பத்தாண்டுகள் கழிந்தபின் விழித்துக்கொண்டு, ஊக்கத்தொகை கொடுத்து, 2024இல்தான் காக்கிநாடா பக்கம் மறுபடி ஒரு ஆலை வந்திருக்கிறது. அதற்குள் எத்தனை வால்வுகள் போயின என்று கேட்கமாட்டேன். கோப்பில் அதற்குக் கட்டம் இருக்காது.

தாங்கள் சும்மா இருந்தீர்கள் என்றும் சொல்லமாட்டேன். 2024 அக்டோபரில் 8 மருந்துகளின் உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்தினீர்கள். கட்டுப்படி ஆகவில்லை என்று கம்பெனிகள் கைவிட்டால் நோயாளிக்கு மருந்தே கிடைக்காது என்பதுதான் தாங்கள் சொன்ன காரணம். பென்சிலின் குடும்பத்து ஊசி ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆக, நோய் என்னவென்று தங்களுக்கு நன்றாகவே தெரியும்.

2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை கையில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை நிறுத்த விரும்பும் கம்பெனி ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். தேவையென்றால் மேலும் ஓராண்டு தயாரிக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம். அருமையான விதி. ஆனால் கெட்டிக்காரர் யாராவது ‘நிறுத்துகிறேன்’ என்று சொல்வாரா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதற்கு எந்த நோட்டீஸ்?

தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகளில் இருப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்து, அரசு மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக்கில் கணக்கு வைத்து மருந்து கொடுக்கிறது. அதே கணக்கை வெளிச்சந்தைக்கும் போடச் சொல்லுங்கள். உயிர்காக்கும் மருந்துகளின் இருப்பு எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று வாராவாரம் வெளியிடுங்கள். லாபமில்லாத மருந்துகளை அரசே மொத்தமாக முன்கூட்டி வாங்கி வைக்கட்டும். முடியாதென்றால் இல்லாத மருந்துக்கு விலை குறிப்பதையாவது நிறுத்துங்கள், மை மிச்சமாகும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு ஸ்கூட்டர்காரன்

பி.கு.: இது பெரியவர்களுக்கு அல்ல, இந்த ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. ஊசி கிடைக்கவில்லை என்று தவணையைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி வரும்வரை தினமும் சாப்பிட மாத்திரை எழுதித் தருவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.