அரியர் இல்லாத பதில்கள்

இந்த வாரம் தாவரவியல், விலங்கியல் மாணவர்களின் கடிதங்கள் மட்டும்.

மாணவி, அறந்தாங்கி: நீட் கைவிட்டது, பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிறார்களே?

கும்பகோணத்து டாக்டர் ஒருவரின் மகனும் டாக்டராவார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அவர் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துவிட்டுக் கோவை வேளாண் கல்லூரிக்குப் போனார். பெயர் எம்.எஸ். சுவாமிநாதன். விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து இதைச் சொல்லுங்கள்.

மாணவர், செய்யாறு: செடி கொடி படிக்க வந்தவனை அல்லைடு கெமிஸ்ட்ரியில் மாட்டிவிடுவது நியாயமா?

கெமிஸ்ட்ரி இல்லாமல் ஒளிச்சேர்க்கையை விளக்கினால் அது புராணம்.

மாணவர், பரமக்குடி: இன்டர்னலில் 25-க்கு 24. செமஸ்டர் தேர்வில் 75-க்கு 20. கூட்டினால் 44, பாஸ் மார்க் 40தான். பிறகு ஏன் அரியர்?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வில் தனியாகவும் 40 சதவீதம், அதாவது 30, எடுத்தாக வேண்டும். அந்த 24 உங்கள் சார் பாசத்தோடு போட்டது. 20 உங்களை முன்பின் பார்த்திராதவர் போட்டது.

மாணவி, திருத்துறைப்பூண்டி: 'விருப்பப் பாடம்' என்று நான்கு பெயர் அச்சிட்டிருக்கிறது. நடத்துவது ஒன்றைத்தான். யார் விருப்பம்?

துறைத் தலைவருடையது. சின்னக் கல்லூரியில் ஆசிரியர் எதில் எம்.பில். முடித்தாரோ, அதுவே உங்கள் விருப்பம்.

மாணவர், உடுமலை: ஹெர்பேரியம் தாள்கள் செடி ஒட்டியே விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிவிடலாமா?

வாங்கலாம், வைவா இல்லையென்றால். கடைத் தாளில் கொடைக்கானல் குறிஞ்சி இருக்கும். பறித்த இடம் 'கல்லூரி மைதானம்' என்று நீங்கள் எழுதுவீர்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

மைதானத்து ஓரத்தில் தும்பை இல்லையா, குப்பைமேனி இல்லையா? வேரும் பூவுமாக எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனம் வையுங்கள். ஈரம் ஊறிய தாளைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாள் சோம்பினால் பூஞ்சை பூத்துவிடும். அதற்குத் தனி மார்க் கிடையாது. காய்ந்தால் தும்பையின் வெள்ளை பழுப்பாகிவிடும். பூவின் நிறத்தைப் பறித்த அன்றே சீட்டில் எழுதச் சொல்வது அதற்குத்தான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பெரும் தொகுதிகள் எழுதியது இப்படி உலர்த்திய செடிகளை வைத்துத்தான். என் கணக்கில், மூன்று வருடப் படிப்பில் கைடு பார்த்துச் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான்.

மாணவி, மன்னார்குடி: தவளையை அறுக்க வேண்டுமா? நினைத்தாலே தலை சுற்றுகிறது.

யூ.ஜி.சி. 2014-லேயே தடை போட்டுவிட்டது. தவளை பிழைத்தது, உங்களுக்கு மாதிரியைப் பார்த்துப் பெயர் எழுதும் ஸ்பாட்டர் இருக்கிறது. மணி அடித்தால் அடுத்த மேசை.

பெற்றோர், விருத்தாசலம்: தாவரவியலா, பயோடெக்னாலஜியா? பெண்ணை அரசுப் பள்ளி ஆசிரியை ஆக்க ஆசை.

பெண்ணுக்கும் ஆசையா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் தாவரவியல், விலங்கியல் இரண்டில் ஒன்று. ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டத்தின் பெயரைப் பார்க்கும். பெயர் வேறாக இருந்தால், இணையான படிப்பு என்று அரசாணை காட்ட வேண்டும். அதை விசாரிக்க வேண்டியது சேர்க்கைக்கு முன்பு. பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு அல்ல.