மியூனிக்கா, கெம்னிட்ஸா?

கேள்வி: ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க என் மகனுக்கு மியூனிக், கெம்னிட்ஸ் இரண்டு இடத்திலும் சீட் கிடைத்திருக்கிறது. எதை எடுப்பது?
- நாமக்கல் வாசகர்

பதில்: முதலில் பாடத்திட்டத்தைப் பாருங்கள் ஐயா. அது சரிசமம் என்றால் கெம்னிட்ஸ்தான். ஜெர்மனியிலேயே வாடகை எகிறும் ஊர் மியூனிக். "அங்கே படிப்பு இலவசம்" என்ற பேச்சும் அந்த ஊரில் எல்லா இடத்திலும் செல்லாது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடும் 11,904 யூரோ ஃபீஸ் அல்ல, பையனின் சாப்பாடு. மாதம் 992தான் கைக்கு வரும். ஆனால் வீட்டுக்காரர் மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்கலாம். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இதில்தான் பல பிள்ளைகள் முதல் மாதமே திண்டாடுகிறார்கள். பார்ட் டைம் சம்பளத்தை முதல் செமஸ்டர் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

செலவில் ஒரு சின்ன மிச்சமும் உண்டு: அங்கே தண்ணீர் பாட்டிலை நசுக்கித் தூக்கிப் போடாதே என்று மகனிடம் சொல்லுங்கள். சூப்பர்மார்க்கெட் மெஷினில் முழுசாக நுழைத்தால் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும். ஒரு பை நிறையக் கொண்டுபோனால் அந்த வாரத் தயிர்ச் செலவு தீர்ந்தது!