பெருங்காயமும் சாம்பாரும்

கேள்வி: தோள்பட்டை வலிக்கு லேசர் மட்டும் போதாதா? உடற்பயிற்சியும் செய்யச் சொல்லி உயிரை எடுக்கிறார்களே!

பதில்: லேசர் உங்கள் தோளில் ஒளி பாய்ச்சும், உங்களுக்காகக் கையைத் தூக்காது. 1967-இல் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முதுகு மழித்த சுண்டெலிகள்மேல் குறைந்த திறன் லேசரைச் செலுத்தினார். முடி வேகமாக வளர்ந்தது. (வழுக்கையர் அவசரப்பட வேண்டாம்.) அங்கே தொடங்கிய வைத்தியம் இது. தோள் இறுகி, வலித்து, அசைக்க முடியாமல் போகும் ‘உறைந்த தோள்’ நோய் குறித்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் அலசியது. பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, லேசரும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 4 வாரம் வரை வலி அதிகம் குறைந்து, 4 மாதம் வரை கையின் செயல்பாடும் மேம்பட்டிருக்கலாம் என்றது. ஆனால் அந்த முடிவுக்கு ஆதாரம் வெறும் 63 பேரை வைத்துச் செய்த ஒரே ஆய்வு. அதிலும் இரு தரப்பாரும் பயிற்சி செய்தவர்களே! லேசர் பெருங்காயம், அதை மட்டும் போட்டுச் சாம்பார் வைக்க முடியுமா?

‘வலிக்கிற கையை எப்படி அசைப்பது?’ என்பீர்கள். நியாயம்தான். லேசருக்கு வேலை இருப்பதே அங்கேதான்: வலி சற்றுத் தணிந்த நேரத்தில் கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டலாம், சுவரில் விரல்களால் மெல்ல ஏறலாம். ‘தானாகவே சரியாகிவிடுமாமே?’ பலருக்கு ஆகும். அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகூடப் பிடிக்கும். அதுவரை சட்டையை யார் மாட்டிவிடுவது? எதற்கும் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். நீரிழிவுக்காரர்களின் தோள் என்றால் இந்த நோய்க்குத் தனிப் பிரியம்.