அந்த வீட்டுக்கு ஆகும்

கைப்பிடி போன குக்கரைக் கண்டால் எங்கள் பெரியம்மாவுக்கு மனசு இளகும். பழைய பேப்பர், பழைய இரும்பு என்று குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வருகிற ஆளைக் கண்டால் கண் சிவக்கும். "எதையும் தூக்கிப் போடாதே. அந்த வீட்டுக்கு ஆகும்" என்பார். இந்தக் கடைசி மூன்று சொற்களை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாகப் பெரம்பூர் வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே விடாமல் காத்துவருகிறார். மூடி தொலைந்த ஃபிளாஸ்க், ஒரு கால் மட்டும் ஒத்துழைக்காத பிளாஸ்டிக் நாற்காலி, பத்தே காலைத் தாண்ட மறுக்கும் சுவர்க் கடிகாரம் எல்லாம் ஸ்டோர் ரூமில் அந்த வீட்டுக்குப் போகும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தன. கடிகாரம் பெரியப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றபோது சக ஊழியர்கள் சேர்ந்து கொடுத்தது. "பத்தே காலுக்கு அங்க யார் இருக்கப் போறா?" என்று கேட்டால், "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சரியாத்தானே காட்டுது" என்பார்.

அந்த வீடு கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இந்த இனத்தில் உண்டு. குடியிருக்கிற வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பார்கள். குடிபோகாத வீட்டில் மனசுக்குள் குடித்தனம் நடத்துவார்கள். பேச்சில் 'டிடிசிபி', 'பட்டா', 'முப்பதடி ரோடு' எல்லாம் உப்பு புளி மாதிரி விழும். "கிரவுண்டு என்ன போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் "சாப்பிட்டியா?" என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, எதிர் மனையில் யாராவது கடைக்கால் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மூன்றரை மணி வண்டியைப் பிடிப்பார்கள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் முதலில் திருவள்ளூரில்தான் மனை பார்த்தார்கள். பெரம்பூரில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்பது கணக்கு. விலை கேட்டதும் வெல்லம் கசந்தது. அப்புறம் யாரோ சிறுவாபுரியைச் சொன்னார்கள். கல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் பாலமுருகன் கோயில். ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் வந்து கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கை. ஏற்கெனவே ஒரு வீடு உள்ளவர் வேண்டிக்கொள்ளலாமா என்று எனக்குச் சந்தேகம். முருகனுக்கு இல்லை போலிருக்கிறது. ஐந்தாம் செவ்வாயன்று கோயில் வாசலிலேயே பெரியப்பா கையில் ஒரு நோட்டீஸ் திணிக்கப்பட்டது: 'கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரம்.' யார் நடக்கிற தூரம் என்று போடவில்லை.

பூமி பூஜை போட்ட அன்று சாயங்காலம் பெரியம்மா ஒரு ஊசியில் நூலைக் கோத்தார். அந்த வீட்டுக்கென்று ஒரு மெத்தைப் போர்வை தைக்கப்போவதாக அறிவித்தார். மற்றதெல்லாம் இந்த வீட்டில் கழித்துக்கட்டியது. இது ஒன்றுதான் அந்த வீட்டுக்கென்றே பிறந்த பொருள். மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற ஊரில், ரோலிங் மில்களுக்கு அந்தண்டை உள்ள வீட்டில், மூன்று அடுக்குப் போர்வை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் வீட்டுப் புடவை முதலில் போயிருக்கும்.

அடியில் பழைய வேட்டி, நடுவில் நைந்த பெட்ஷீட், மேலே துண்டுத்துணிகள். மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழந்துணி எங்கே மிஞ்சுகிறதோ அங்கெல்லாம் பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள். நம் கந்தையும் வங்காளத்துக் காந்தாவும் ஒரே சொல்தான். அவர்கள் அதைப் பொறுமையாகத் தைத்து விலையேற்றிவிட்டார்கள், நாம் கரித்துணியாக்கி அடுப்படியில் போட்டுவிட்டோம். கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துக் காடுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்று ஒன்று தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் நாலு மூலைக்கும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்கள் கணக்கில் அம்மணம்.

பெரியம்மாவின் முறை தனி. எங்கே துணி கிடைத்ததோ அங்கே ஆரம்பிப்பார், எங்கே நூல் தீர்ந்ததோ அங்கே முடிப்பார்.

அவர் உள்ளே நுழைந்தால் சொந்தக்காரர்கள் கொடியில் காய்கிற துணியை எடுத்துவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் என் மனைவியின் புடவைத் தலைப்பை இரண்டு விரலால் தடவி, "கட்டிக்கோ, கட்டிக்கோ. நஞ்சு போச்சுன்னா சொல்லு" என்றார். கட்டி அரை மணி நேரம்கூட ஆகாத புதுப் புடவை. பெரியப்பாவின் லுங்கிகள் இடுப்பில் இருக்கும்போதே அளவெடுக்கப்பட்டன. "இந்த நீலக் கட்டம் வேணும்" என்று ஒரு நாள் பார்த்தபடி நின்றார். மனிதர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

நீலக் கட்டம் விஷயத்தில் மட்டும் நான் பெரியம்மா கட்சி. கட்டம்போட்ட துணி அந்தச் சீமையின் சொத்து. பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து துணி ஏற்றுமதி செய்த துறைமுகம். மலாய்க்காரர்கள் இன்றைக்கும் கட்டம்போட்ட கைலியைக் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் பழவேற்காடுதான். நம் ஆட்கள் பளையகாட் லுங்கி என்பதும் அதே ஊர். ஆக, கோலாலம்பூரில் ஒருவர் கட்டியிருப்பதும் பெரம்பூரில் பெரியப்பா காப்பாற்றிக்கொண்டதும் ஒரே ஊர்ப்பெயரைத்தான்.

மூன்றாம் வருஷம் சாயம் போனது. சுங்குடிச் சிவப்பு ஒன்று, நனைத்த அன்றே அக்கம்பக்கத்தை எல்லாம் தன் நிறத்துக்கு மாற்றிவிட்டது. பாதிப் போர்வை ரோஸ். "டிசைன்" என்றார் பெரியம்மா. வாயடைத்துப் போனேன். ஏனென்றால் இதை வியாபாரமாகவே செய்திருக்கிறார்கள். மெட்ராஸ் கட்டத்துணி 1960-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டபோது, 'சாயம் போவது உறுதி' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். பெரியம்மாவுக்கு இது தெரியாது; சொன்னால் இன்னும் இரண்டு சுங்குடியை நனைத்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை.

அளவும் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதலில் கயிற்றுக் கட்டிலுக்கு. வீட்டில் மெயின் ஹால் கான்கிரீட் போட்டதும், ஹாலுக்குத் தக்க இரட்டைக் கட்டிலுக்கு. பிறகு பேத்தி கிங் சைஸ் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டாள்; சுற்றிலும் ஒரு முழம் கூடியது. கட்டில் என்னவோ இன்றுவரை வாங்கவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். போர்வை முடிந்தால் கட்டில் வாங்க வேண்டும். கட்டில் வாங்கினால் போய்த் தங்க வேண்டும். போய்த் தங்கிவிட்டால் பெரம்பூரில் காலையில் பால் பாக்கெட்டை யார் எடுப்பது?

தையல் பெரும்பாலும் நடந்தது ரயிலில். பேசின் பிரிட்ஜில் மாறி கும்மிடிப்பூண்டி யூனிட்டில் ஜன்னலோரம் பிடித்தால் ஒன்றேகால் மணி நேரம் கை ஓயாது. போர்வையின் வரைபடத்தை ஸ்டேஷன் பெயரால்தான் சொல்வார். "இந்தப் பச்சை எண்ணூர்லேர்ந்து மீஞ்சூர்." "இது கோணலா இருக்கே?" "அத்திப்பட்டுல வண்டி ஆடும்."

ஒரு தடவை நானும் கூட இருந்தேன். நந்தியம்பாக்கம் தாண்டியதும் பெரியம்மா நிமிர்ந்து, "ஊசியக் காணோம்" என்றார். அவ்வளவுதான். எதிர் பெஞ்சில் இருந்த நாலு பேர், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிற இரண்டு பையன்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். புடவையை உதறினார்கள், செருப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். பூ விற்கிற பெண் ஒருத்தி தன் கூடையையே கவிழ்த்துப் பார்த்தாள். பொன்னேரி வரை ஒருவரும் உட்காரவில்லை. இறங்க வேண்டியவர்கள் இறங்கி, ஏற வேண்டியவர்கள் ஏறி, அவர்களும் விஷயம் கேட்டு நின்றுகொண்டார்கள். கவரைப்பேட்டையில் மீன்கார அம்மாள்தான் கண்டுபிடித்தார்: "யம்மா, உன் கொண்டையிலதான் குத்தினிருக்கு." பெரியம்மா ஊசியை உருவி, நூலை நாக்கில் நனைத்துக்கொண்டே, "எல்லாரும் ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க" என்றார்.

போர்வை முடிந்ததற்குக் காரணம் பெரியம்மா இல்லை.

கும்மிடிப்பூண்டி வீட்டின் பின்கட்டு அறையை ஒரு பீகார் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கணவருக்கு ரோலிங் மில்லில் வேலை. அந்தப் பெண் தமிழை ஒருமையிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். போன சித்திரையில் பெரியம்மா போர்வையைத் திண்ணையில் விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தாள். எல்லோரும் மேல்பக்கத்தைப் பார்த்து "அடேயப்பா" என்பார்கள். இவள் குனிந்து ஓரத்தைப் பிடித்துச் சட்டென்று புரட்டினாள். பின்பக்கம் முழுக்க முடிச்சு. பதினோரு வருஷத்து முடிச்சு. விரலை அதன்மேல் ஓட்டினாள். பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி விரல் நின்று நின்று போயிற்று.

"அம்மா, நீ படுத்தா குத்தும்" என்றாள்.

பெரியம்மாவை இப்படி யாரும் பேசியதில்லை. நான் ஒரு எட்டு பின்வாங்கினேன்.

அந்தப் பெண் உள்ளே போய்த் தன்னுடைய சுஜனிப் போர்வையைக் கொண்டுவந்து காட்டினாள். முசாபர்பூர் பக்கத்தில் பூசுரா என்கிற ஊர் இந்தத் தையலுக்குப் பெயர்போனது. பழைய புடவைகளை அடுக்கி, அரிசி அரிசியாக ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தையைச் சுற்றத் தைப்பார்கள். நம் ஊரிலும் பச்சைப் பிள்ளைக்கு முதல் துணி பழைய வேட்டிதானே. அவள் போர்வையைப் புரட்டினால் முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருந்தது. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிச்சைத் தேடினார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார். கடைசியில் கேட்டார்: "எப்படிடி?"

பெரியம்மா ஒருவரிடம் 'எப்படி' என்று கேட்டு நான் கேட்டது அது ஒருமுறைதான்.

அந்தப் பெண் நூலின் நுனியை அடுக்குகளுக்கு நடுவில் நுழைத்து, இரண்டு தையல் திரும்பி வந்து, ஒட்ட நறுக்கினாள். முடிச்சே இல்லை. பிறகு மூன்று வாரம் பெரியம்மா கும்மிடிப்பூண்டியிலேயே தங்கினார். வீடு கட்டியதிலிருந்து அதுதான் முதல் தங்கல். இரண்டு பேரும் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பின்பக்க முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். பெரம்பூரில் பெரியப்பா பால் பாக்கெட்டைத் தானே எடுத்தார், ஒன்றும் ஆகிவிடவில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை எல்லாம் வரச்சொன்னார். வெயில் கொளுத்துகிறது, கரண்ட் இல்லை. கட்டில் இல்லாததால் ஹால் தரையில் போர்வையை விரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. ரோஸ் பாதிகூட அழகு. நீலக் கட்டம் நடுவில் இருந்தது. பெரியப்பா அதை அடையாளம் கண்டுகொண்டு என்னைப் பார்த்தார். கையால் கனத்தைப் பார்க்கிற சாக்கில் மெல்ல அதன்மேல் ஒரு முழங்காலை வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"படுத்துப் பாக்கலாம்னு..."

"அழுக்குக் காலோடயா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய இரும்புக்காரர் குரல் கொடுத்தார். எவ்வளவு கனம் இருக்கும் என்று பந்தயம் கட்டியிருந்த என் தம்பி, போர்வையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் தராசில் வைத்துவிட்டான். நாலரைக் கிலோ. அவர் தொழில்முறையில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தார்: "பழந்துணி கிலோ பத்து ரூபா. நாப்பத்தஞ்சு தரேன்." பெரியம்மா ஒன்றும் பேசாமல் போர்வையை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார்.

உள்ளே வந்தவர் ஹாலின் நடுவில் போர்வையை அணைத்தபடி நின்று சுற்றிலும் பார்த்தார். கால் ஊனமான நாற்காலி. மூடியில்லாத ஃபிளாஸ்க். கைப்பிடி இல்லாத குக்கர். பத்தே கால் காட்டும் கடிகாரம். ஜன்னல் கட்டையை விரலால் தொட்டார். விரல் நுனியில் கரி. அதைப் போர்வையில் படாமல் முந்தானையில் துடைத்தார்.

"இந்தக் குப்பைக்கு நடுவுல இதப் போடறதா?" என்றார்.

நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பட்டுப்புடவைக் கடைப் பையைப் பிரித்து என்னைப் பிடிக்கச் சொல்லி உள்ளே இறக்கினார்.

"மூணரை வண்டி இருக்குல்ல? பத்திரமாத் தூக்கிக்கோடா."

"எங்க பெரியம்மா?"

முகவாயைத் தெற்கே பெரம்பூர்ப் பக்கம் நீட்டினார்.

"அந்த வீட்டுக்கு ஆகும்."